முதல் பெஞ்சில் ஓர் இடம்

— ஏங்க, காலையில எங்க போனீங்க?

— கடைக்குத்தான். வேற எங்க போவேன்?

— இஸ்திரி போட்ட சட்டையிலயா?

— டெய்லர்னா கசங்கின சட்டைதான் போடணுமா?

— உங்க முதலாளி போன் பண்ணாரு. பதினோரு மணி வரைக்கும் உங்க மெஷின் சும்மா கிடந்துச்சாம்.

— அந்தாளுக்கு வேற வேலையே இல்ல...

— பேச்சை மாத்தாதீங்க.

— சரி... பாப்பா ஸ்கூலுக்குப் போயிருந்தேன்.

— யாரு, நீங்களா? சரியா தச்ச சட்டைக்கு, காலர் சின்னதுன்னு ஒருத்தர் கத்தினதும் மன்னிப்பு கேட்டவராச்சே!

— அது சட்டை. இது நம்ம பொண்ணு.

— யாரைப் பாத்தீங்க?

— ஹெட்மாஸ்டரை. காதுல மெஷின் வச்ச புள்ளைய கடைசி பெஞ்சுல உக்கார வச்சா, டீச்சர் சொல்றது எப்படி சார் கேக்கும்னு...

— கேட்டுட்டீங்களா!

— பாதிதான் கேட்டேன். அவரு உடனே, "அவளுக்குக் கவனம் பத்தல. அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்"னாரு.

— நீங்களும் "சரிங்க சார்"னு வந்திருப்பீங்க.

— எந்திரிச்சேன்... கதவு வரைக்கும் வந்தேன். என்ன தோணுச்சோ, திரும்பிப் போய் உக்காந்துட்டேன். "கவனம் இருக்கு சார், காதுதான் கேக்கல. இடம் மாத்துற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்"னேன்.

— அய்யோ! சத்தம் போட்டீங்களா?

— எங்க... மெதுவாத்தான் சொன்னேன். ஆனா எந்திரிக்கல.

— அப்புறம்?

— ஒரு மணி நேரம் பாத்தாரு. அப்புறம் அவரே போய் அவளை முதல் பெஞ்சுல உக்கார வச்சாரு.

— இதை ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?

— பெருமையா சொல்லிக்கிற மாதிரியா இருக்கு? இதுக்கு முன்னாடி மூணு நாளும் கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். உள்ள போகத் தைரியம் வரல. இப்படி ஒரு அப்பாவான்னு... அவளுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?

— அவளுக்குத் தெரியும்.

— என்னது?

— கடைசி பெஞ்சு, கேட்டைப் பாத்த ஜன்னல் பக்கம்தானே? மூணு நாளும் உங்களைப் பாத்திருக்கா. எங்கிட்ட மூச்சு விடல. இன்னைக்குத்தான், தோள்ல இருந்த பையைக்கூட இறக்காம எல்லாத்தையும் கொட்டினா. உங்க வாயால ஒருதரம் கேக்கணும்னுதான் இவ்வளவு நேரம் நோண்டினேன். வந்ததும் அவ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா... "அம்மா, அப்பா இன்னைக்கு உள்ளயே வந்துட்டாரு!"