மேரனுக்கு ஒரு நட்சத்திரம்

சர்க்கரை பிஸ்கட்டுக்கு வெண்ணெயை உருக்கக் கூடாது. காலையிலேயே வெளியே எடுத்து வைத்து, விரல் பட்டால் குழிகிற அளவுக்குத் தானாக இளக விட வேண்டும். எங்கள் மினசோட்டாக் குளிரில் அதற்கு அரை நாள் ஆகும். அவசரக்காரர்கள் அடுப்பின் மேல் வைப்பார்கள். நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கிப்போகும்.

டெபுடி ஐயா, இன்றைக்குப் போலீஸ் விசாரணைக்கு வந்திருந்தாலும், சின்ன வயதில் நீங்களும் என் நட்சத்திரத்தைத் தின்றவர்தான். தேவாலயத்தின் ஞாயிறு பள்ளிக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிறிஸ்துமஸுக்கு ஒன்று. வெள்ளை ஐசிங், அதன்மேல் சிவப்பில் பெயரும் வயதும். முப்பத்தெட்டு வருடமாக நான்தான் எழுதுகிறேன். ஒரு குழந்தையையும் விட்டதில்லை. இந்த மாதிரிச் சின்ன அன்புகளால்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவள் நான்.

டெஸ்ஸா இந்த ஊருக்கு வாழ வந்தவள். மகள் மேரனுக்கு ஆறு வயதாக இருந்த கிறிஸ்துமஸில், தேவாலயப் பெண்கள் பிஸ்கட் மாற்றிக்கொள்ளும் நாளில் அவளும் ஒரு தட்டு கொண்டுவந்தாள். அவள் தட்டுதான் முதலில் காலியானது. என்னுடையதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "வெர்னா, இதுகூட ஒரு சுத்தியலும் குடுங்களேன்" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே அவளை மன்னித்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஏரியின் பனிக்கட்டி உடைந்து மேரன் இறந்தாள். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினேன்.

அந்த டிசம்பரில் 'மேரன் 7' என்று எழுதி அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். டெஸ்ஸா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"யாருமே அவ பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க மட்டும்தான் வெர்னா."

ஆனால் அவள் கண் பெயரில் நிற்கவில்லை. எண்ணில் நின்றது. அதை நான் கவனித்தேன்.

அடுத்த ஆண்டு 8. அதற்கடுத்த ஆண்டு என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "போதுங்க. கெஞ்சிக் கேக்கறேன். அவளுக்கு ஆறு வயசு. இனிமே எப்பவும் ஆறுதான்."

"குழந்தையை மறந்துடச் சொல்றியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பத்தாம் வயது நட்சத்திரத்தை என் கணவர் ஆர்விட் தின்றுவிட்டார். சர்க்கரை நோய்க்காரர். உதடெல்லாம் சிவப்பாக, சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன வேலை இது?"

"பசிச்சுது."

"பொய்."

"பொய்தான். விட்டுடு வெர்னா. அந்தப் பொண்ணு பாவம்."

நான் அவருக்கு இன்சுலின் போட்டுவிட்டேன். குளிர்பெட்டியில் மாவு மீதம் இருந்தது.

பிறகு டெஸ்ஸா குடும்பம் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டது. அங்கே ஏரி உறையாது. வாழ்த்து அனுப்ப வேண்டும் என்று போதகரிடம் முகவரி கேட்டு வாங்கினேன். பெட்டிக்குள் சோளப்பொரி நிரப்பினால் எவ்வளவு தூரம் போனாலும் முனை உடையாது. 'மேரன் 11' முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

ஜனவரியில் அவள் கணவன் நில்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். "ஆஸ்பத்திரியில இருக்கா. இன்னொரு தடவை இப்படின்னா தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்றார். இன்னொரு நட்சத்திரம் வந்தா செத்தே போயிடுவா. புரியுதா உங்களுக்கு?"

"புரியுதுப்பா. ஜெபிக்கிறேன்" என்றேன். ஜெபிக்கவும் செய்தேன், தினமும்.

டிசம்பர் பிறந்ததும் வெண்ணெயை வெளியே எடுத்து வைத்தேன். என் பெயரைப் பார்த்தால் நில்ஸ் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவான். அதனால் அனுப்புநர் இடத்தில் டெஸ்ஸாவின் அம்மா பெயரை எழுதினேன். நீங்கள் கேட்க வந்த கையெழுத்து என்னுடையதுதான். நில்ஸ் சொன்னதை மறந்து எழுதவில்லை. நினைவு வைத்துக்கொண்டுதான் எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றீர்கள். அவளுக்காகவும் ஜெபிக்கிறேன். என் மனதில் அவள்மேல் ஒரு துளி வருத்தமும் கிடையாது.

மேசைமேல் கிடந்த நட்சத்திரத்தில் ஒரு முனை மட்டும் கடிபட்டிருந்தது என்று சொன்னீர்கள். நீங்கள் நில்ஸிடம் மறுபடி பேசும்போது ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். கெட்டியாக இருந்தது என்று அவள் ஏதாவது சொன்னாளா?