மூன்று பேரும் ஒரு கறுப்பு நாயும்

— கடை ஷட்டரை இறக்கிட்டு வந்துட்டேன். இனிமே யாரும் உள்ள வரமாட்டாங்க. இப்ப சொல்லு மணி, மருமக அனு எங்க?

— விடிகாலையில வந்து எறங்கினவகிட்ட ஒரு வாய் தண்ணி குடிச்சியான்னு கேக்கல நீங்க.

— தண்ணி அப்பால குடிக்கலாம். உன் புள்ள கணேசன் கனடாவுல தூக்கமில்லாம சுத்திகினு கீறான். பொண்டாட்டியக் காணோம், கைக்கொழந்தையக் காணோம். நீ இன்னாடான்னா அடுத்த நாளே டிக்கெட்ட மாத்திகினு பிளேன் ஏறிட்ட. இன்னாத்துக்கு?

— ஊரு ஞாபகம் வந்துடுச்சி.

— ஆறு மாசம் வராத ஞாபகம் அன்னிக்கிதான் வந்துதா? நேரா சொல்லு மணி. நாப்பது வருசமா கல்லாவுல உக்காந்து கீறேன். உள்ள வர்றவன் பாத்திரம் வாங்க வந்தானா, சும்மா தட்டிப் பாக்க வந்தானான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லுவேன். என்கிட்ட நடிக்காத.

— நான் இன்னா நடிச்சேன்?

— அந்தக் கையில இன்னாத்துக்கு கட்டு?

— நாயி இழுத்துடுச்சி. பனியில வழுக்கி வுழுந்தேன்.

— நாயி! அதான் எனக்கு வயிறு எரியுது. பேரக்கொழந்தைக்கு எண்ணெ தேச்சி குளிப்பாட்ட ஒன்ன அனுப்பினா, ஊரான் நாயையெல்லாம் கயிறு கட்டி ரோடு ரோடா நடத்திகினு போயிருக்க. சம்பளம் கூட கிடையாதாம். கணேசன் சொன்னான். பாத்திரக்கடை சிவப்பிரகாசம் பொண்டாட்டி கையில பிளாஸ்டிக் கவரை மாட்டிகினு நாய்ப் பீய வாருறா. இந்த பஜார்ல தெரிஞ்சா நான் தலைய வெளிய நீட்ட முடியுமா?

— தோ பாருங்க, அதுங்க ஊரான் நாயி இல்ல. வுட்டுட்டுப் போன நாயிங்க. கணேசன் பில்டிங் பின்னாலயே அதுங்கள வச்சிப் பாத்துக்கற எடம். யாரு வேணா போயி, பேரு குடுத்துட்டு, நடத்திகினு வரலாம். மொத மாசம் பூரா நான் ஜன்னல்ல நின்னு அதுங்களதான் பாத்துகினு இருந்தேன்.

— வீட்டுல வேலை இல்லியா?

— வீட்டுல பேச்சே இல்லீங்க. கணேசன் வேலைக்குப் போவசொல்ல அனுவோட போனை எடுத்துகினு போயிடுவான். 'கொழந்தைய வச்சிகினு போனைப் பாத்துகினு கீறா'ன்னு காரணம் சொல்லுவான். பேங்க் கார்டும் அவன்கிட்ட. அவ வெளிய போவக் கூடாது. நான் வந்து, 'இன்னாடி அனு, ஒடம்பு சரியில்லியா'ன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல அத்தை'. எது கேட்டாலும் அதே பதிலு.

— புதுசா கொழந்த பெத்தவ. அப்படித்தான் இருப்பா.

— நானும் அப்படித்தான் நெனச்சேன்.

— அப்பால?

— ஒரு நாளு காய்கறி வாங்கப் போவசொல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நாயத் திட்டிகினு இருந்தா. 'இன்னாடா, சும்னே இருக்கமாட்டியா, ஒதைப்பேன்'னு. நம்ம ஊரு தமிழு! கிட்டப் போயி, 'எந்த ஊரும்மா'ன்னு கேட்டேன். நம்ம தங்கவயல் சாம்பியன் ரீஃப்னு சொன்னா. அவங்கப்பா தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட்ல ஃபோர்மேனா இருந்தவராம். சின்ன வயசுல கனடா போனவ. 'சுரங்கத்துலேந்து கொட்டுன டம்ப்பு மண்ணு இன்னும் காத்துல பறக்குதா'ன்னு கேட்டா. நான் ரோட்டுலயே அழுதுட்டேன்.

— ஜாய். அவ பேரு ஜாய்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கணேசன் சொன்னான். நீ மேல சொல்லு.

— அவதான் என்னை உள்ள கூட்டிகினு போனா. ஒரு கறுப்பு நாயக் குடுத்தா. இம்மாம் பெருசு, கன்னுக்குட்டி மாதிரி. கிட்டப் போவவே பயந்தேன். ஆனா அது என்னைவிட பயந்துச்சி. பனியில நான் குல்லாவ சரிபண்ணலாம்னு கையத் தூக்குனேன். அவ்ளோதான், வாலை இடுக்கிகினு தரையோட தரையா ஒட்டிகிச்சி. ஜாய் சொன்னா, 'அடி வாங்குன நாயி மணி. அது பக்கத்துல கையை மேல தூக்காத. கீழ வச்சே பேசு'ன்னு.

— எனக்கு நாய்க் கதை வேணாம்.

— இத்த நீங்க கேக்கணும். அன்னிக்கி சாயங்காலம் மூணு பேரும் சாப்பிட உக்காந்தோம். கணேசன் ஊறுகா பாட்டிலை எடுக்க கைய நீட்டினான். ஊறுகா பாட்டிலுக்குதாங்க! அனு ரெண்டு கையாலயும் தலையப் பொத்திகினு நாற்காலியோட சுருண்டுட்டா. அச்சு அசல் அந்த நாயி மாதிரியே.

— மணி! நாயையும் நம்ம வீட்டுப் பொண்ணையும் ஒண்ணா வச்சிப் பேசறியா?

— நான் வைக்கல. உங்க புள்ள வச்சிருக்கான்.

— வாய மூடு. கணேசனுக்கு கோவம் வரும், இல்லேங்கல. ஆனா கை நீட்டமாட்டான். நான் வளத்த புள்ள.

— நானும்தான் வளத்தேன். அந்த ராத்திரியே அவ முதுகப் பாத்தேங்க. கொழந்தைக்குப் பால் குடுக்கசொல்ல. பச்சையும் மஞ்சளுமா. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. நான் பெத்தவன் செஞ்சது.

— அப்ப எனக்கு போன் பண்ணி சொல்றதுதானே?

— சொன்னா நம்பியிருப்பீங்களா? இப்ப எதிர்ல நின்னு சொல்றேன், வாய மூடுன்றீங்க.

— எதிர்க்கடை மனோகர் காலையில ஷட்டர் தூக்கசொல்லவே வந்து நின்னான். 'சம்பந்தி, எம்பொண்ணு போன் எடுக்கமாட்றா, பயமா கீது'ன்னு. அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? சிக்னல் கிடைக்கலன்னு பொய் சொல்லி அனுப்பினேன். இப்ப கேக்கறேன். அனுவ எங்க வுட்டுட்டு வந்த?

— சொல்லமாட்டேன்.

— ஜாய் வீட்டுலதானே? நீ சொல்லவே வேணாம் மணி. ஜாயோட தம்பி டென்சில் இங்க ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்துல கேக் போட்டு விக்கறான். நீ வர்றதுக்கு முன்னாலயே நாலு பேரக் கேட்டு அவனப் போயிப் பாத்துட்டேன். 'என் சம்சாரம் உங்கக்காவுக்கு பட்டுப்புடவை அனுப்பணும்னா'ன்னு சொன்னேன். பாவம், நம்பிட்டான். அட்ரஸ் தோ, இந்த போன்ல கீது.

— அய்யோ… கணேசனுக்கு அனுப்பிட்டீங்களா?

— இன்னும் இல்ல.

— நிஜமா சொல்லுங்க.

— இல்லேன்னேன் இல்ல? இப்ப கூப்புடுவான். அப்ப குடுக்கறதா சொல்லி கீறேன். அதுக்கு முன்னால உன் வாயால கேக்கணும்னு இருந்தேன். புருசன்காரன் கையில குடுத்தா இன்னா ஆயிடும்? அவன் கொழந்த. அவன் போயி ரெண்டு வார்த்தை நல்லதா பேசி கூட்டிகினு வருவான். நாலு பேருக்குத் தெரியாம முடிஞ்சிடும்.

— கூட்டிகினு வருவான். அப்பால கதவ சாத்துவான். அந்தக் கதவு சாத்தற சத்தத்த நீங்க கேட்டதில்ல.

— இத்தப் பாரு, நீ பண்ணது இன்னான்னு தெரியுதா? மாமியாரே மருமகள வீட்ட வுட்டு ஓட வச்சிருக்க. எந்த ஊருல நடக்கும் இது?

— நான்தான் ஓட வச்சேன். மறைக்கல. 'கொழந்தைக்குக் காத்து வேணும், நாய நடத்தசொல்ல வண்டியில வச்சி தள்ளிகினு வரட்டும், நான் கூட இருக்கேன்'னு கணேசன்கிட்ட கெஞ்சி, அனுவ வெளிய கூட்டிகினு வந்தேன். நாயி கூட கீது, அம்மா கூட கீறாங்கன்னு வுட்டான். தினம் அந்த ஒரு மணி நேரம்தாங்க அவ மூச்சு வுட்டா. ஏரிக்கரை வரைக்கும் போவோம். அங்கதான் மொத தபா சிரிச்சா. அந்த நாயி பனிய மூஞ்சியால தோண்டிச்சின்னு சிரிச்சா. அங்கதான் வாயத் தொறந்து சொன்னா. 'அத்தை, அடுத்த தபா நான் பொழைக்கமாட்டேன். கழுத்தப் புடிச்சாரு'ன்னு. கொழந்த அழுதுச்சாம், அதுக்கு. நான் இன்னா பண்ணணும்? நீங்களே சொல்லுங்க. பொறுத்துக்கோடின்னு சொல்லணுமா?

— அப்பால இன்னா பண்ண?

— அடுத்த நாளு எப்பவும் போல நாய வாங்கிகினு மூணு பேரும் கெளம்பினோம். ஏரிகிட்ட ஜாய் கார் நின்னுகினு இருந்துச்சி. அனுவும் பாப்பாவும் ஏறிகினாங்க. 'நீங்களும் வாங்க அத்தை'ன்னு கைய வுடமாட்றா. நான் போவல.

— ஏன் போவல?

— ரெண்டு பேரும் ஒண்ணா காணோம்னா ஒடனே தேடுவான். நான் வீட்டுல இருந்தா, 'தோ வந்துடுவா, பின்னால வர்றா'ன்னு கொஞ்ச நேரம் சொல்லி நிறுத்தலாம். நாயக் கொண்டுபோயி வுட்டுட்டு, தனியா வீட்டுக்குப் போயி, சோறு வடிச்சி வச்சிகினு உக்காந்து இருந்தேன்.

— அவன் வந்தானா?

— வந்தான்.

— வந்து?

— கேட்டான். நான் சொல்லல. மறுபடி கேட்டான். சொல்லல.

— மணி… அந்தக் கட்டு. நாயி இழுத்துதுன்னியே.

— அந்த நாயி ஒரு நாளும் என்னை இழுத்ததில்லீங்க. என் நடைக்கு ஏத்தாப்போல மெதுவா நடக்கும்.

— யாரு பண்ணா?

— உங்களுக்கே தெரியும்.

— இல்ல. நான் நம்பமாட்டேன். பெத்த தாயி மேல… மணி, மருமகளக் காப்பாத்தறதுக்கு நீ கதை கட்டற.

— அப்ப கட்ட அவுத்துப் பாருங்க. வெரலு பதிஞ்சி கீது.

— எனக்குப் பாக்க வேணாம்.

— போன் அடிக்குது.

— அவன்தான்.

— தோ பாருங்க, உங்க கால்ல வுழறேன், குடுக்காதீங்க.

— நீ வாயத் தொறக்காத. ஸ்பீக்கர்ல போடறேன். ஒரு வார்த்தை பேசக் கூடாது… ஹலோ, கணேசா.

— அப்பா, அம்மா வந்துட்டாங்களா? பக்கத்துல இருக்காங்களா?

— இல்லப்பா. குளிக்கப் போயிருக்கா.

— ஓகே. லிசன்ப்பா, அவங்க சொல்றது ஒண்ணையும் நம்பாதீங்க. வயசாயிடுச்சி இல்ல, ஃபுல்லா கன்ஃப்யூஸ் ஆயிடறாங்க. அந்த நாய்க்காரி நல்லா மனசக் கெடுத்து வச்சிருக்கா. அட்ரஸ் சிக்குச்சா?

— சொல்றேன். கணேசா, உங்கம்மா கை வீங்கி கீதே, இன்னாப்பா ஆச்சி?

— அது… அவங்க இன்னா சொன்னாங்க?

— நாயி இழுத்துச்சாம்.

— ஆங், கரெக்ட். நாய்தான். பனியில விழுந்தாங்க. நான்தான் ஐஸ் வச்சி விட்டேன்.

— அப்படியா? இப்ப வேற மாதிரி சொல்றாளே. வெரல் அச்சு கீதுன்றாளே.

— அப்பா, ப்ளீஸ். என் நெலமையில இருந்து பாருங்க. வீட்டுக்கு வர்றேன், பொண்டாட்டி இல்ல, கொழந்த இல்ல. இவங்க சோத்தப் போட்டு வச்சிகிட்டு கல்லு மாதிரி உக்காந்து இருக்காங்க. எத்தன தடவ கேக்கறது? கொஞ்சம் முறுக்கினேன், அவ்ளோதான். மொதல் தடவயே சொல்லியிருந்தா நான் ஏன் கைய வைக்கப்போறேன்?

— அனுவையும் அப்படித்தான் கொஞ்சம் முறுக்கினியா?

— அது எங்க வீட்டு விஷயம்ப்பா. எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். நீங்க கூட அம்மாவ கத்துவீங்க, தட்ட வீசுவீங்க. அம்மா எங்கனா ஓடிப்போனாங்களா? நீங்க சொல்றத கேட்டுகிட்டு இருந்தாங்க இல்ல?

— வீசினேன், இல்லேங்கல.

— அப்பா, டைம் இல்ல. கார்ல உக்காந்துட்டுதான் பேசறேன். அட்ரஸ் இருக்குதா இல்லியா?

— கீது. ஜாயோட தம்பி குடுத்தான். என் போன்ல பத்திரமா கீது.

— சூப்பர்ப்பா! அத மொதல்ல சொல்லக் கூடாதா? அனுப்புங்க.

— அனுப்பறதுல தப்பாப் போயிடும். வாயால சொல்றேன், எழுதிக்கோ.

— வேணாங்க! அந்தப் பச்சைக் கொழந்தைய நெனச்சிப் பாருங்க, வேணாங்க!

— யாரு அது, அம்மாவா? குளிக்கப் போனாங்கன்னீங்க?

— பேனா எடுத்துகினியா கணேசா?

— எடுத்துட்டேன். சொல்லுங்க, சீக்கிரம்.

— எழுது. சிவப்பிரகாசம் பாத்திரக்கடை, ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல். உங்கம்மா கை இங்கதான் கீது, வந்து பதில் சொல்லு. நான் இப்பவே ரோட்டைத் தாண்டிப் போயி, நீ இன்னா பண்ணேன்னு மனோகர்கிட்ட என் வாயாலயே சொல்லப் போறேன்.