ரெண்டாவது பொட்டி சொல்லட்டும்

பாத்து வாங்க சார், ஜல்லி வழுக்கும். நேத்து பேஞ்ச மழை. இல்ல சார், நீங்க முந்தாநாள் பாத்தது மொதல் பொட்டி. இது ரெண்டாவது. சரக்கு வண்டிக்கு அங்கேருந்து இங்க வர இருபது நிமிஷம். இதை எவனும் வந்து பாக்கல. இதுல பாக்க என்ன இருக்கு, எல்லாம் சரின்னு சொன்ன பொட்டிதானேன்னுட்டாங்க.

சக்கரக் கோளாறை இந்தப் பொட்டி எப்படிக் கண்டுபிடிக்குதா? வீட்ல மாடிப்படி ஏறி வர்றது யாருன்னு காலடியை வெச்சே சொல்லிடறோம்ல? நொண்டி நடந்தா அதுவும் தெரியும்ல? அதேதான். தண்டவாளத்து ஓரமா சென்சார் ஒட்டியிருக்கும். சக்கரத்துல ஒரு இடம் தேஞ்சு தட்டையாயிருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ணங்கு ணங்குன்னு அடிக்கும். எத்தனாவது வேகன், எந்தப் பக்கம்னு கண்ட்ரோல் ரூம்ல எங்கக்கா முன்னாடி வந்து நிக்கும்.

ஆமா சார், கூடப் பொறந்தவதான். அதனால பரிஞ்சு பேசறேன்னு எழுதிடாதீங்க. முழுசா கேளுங்க.

அந்த மொதல் பொட்டி இருக்கே, சரியான புளுகு மூட்டை. ஈரம் பட்டா கத்தும், வெயிலடிச்சா கத்தும். கத்தும்போதெல்லாம் சரக்கு வண்டியை நிறுத்தினா பின்னாடி ஏழு வண்டி நிக்கும். டிரைவர் இறங்கி குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு, மொதல்ல ஒங்க மெஷினுக்கு வைத்தியம் பாருங்கம்மான்னுவாரு. மேலேருந்து போன்ல கிழி கிழின்னு கிழிப்பாங்க. அப்புறம் எல்லாருமா ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டாங்க சார், எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது. மொதல் பொட்டி கத்தினா கம்முனு இரு, ரெண்டாவது பொட்டி சொல்லட்டும். ரெண்டும் ஒரே சக்கரத்தைச் சொன்னாதான் நிறுத்தணும். அக்காவுக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்தவரும் அதான் செஞ்சாரு.

அன்னிக்கும் அதான் நடந்துச்சு. முப்பத்தோராவது வேகன், இடது சக்கரம். மொதல் பொட்டி கத்துச்சு, இவ காத்திருந்தா. இந்த ரெண்டாவது பொட்டி எல்லாம் சரின்னுச்சு, விட்டுட்டா. அடுத்த ரயில்வே கேட்டுல சக்கரம் பொளந்து வேகன் சாஞ்சுது. கேட்டு திறக்கட்டும்னு நின்னவங்க ஆறு பேரு போயிட்டாங்க. நான் போனப்ப ஒரு ஸ்கூட்டர் இன்ஜின் இன்னும் ஓடிட்டு இருந்துச்சு சார். யாருக்கும் அதை அணைக்கணும்னு தோணல. எனக்கும்தான்.

அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சது அக்கா. இந்தப் பொட்டிகளைப் பாத்துக்கற வேலையும் அவ நாலு பேர் காலைப் பிடிச்சு வாங்கிக் குடுத்தது. பத்து நாளா சோறு தண்ணி இல்லாம சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கா. கேஸ் நின்னா ஏழு வருஷம்ங்கறாங்க. அவ பொண்ணு என்கிட்ட வந்து, மாமா, அம்மாவை எப்பக் கூட்டிட்டுப் போவாங்கன்னு கேக்குது.

வந்தாச்சு. இந்தாங்க சாவி. பூட்டு மக்கர் பண்ணும், கொஞ்சம் தூக்கித் திருப்புங்க. பச்சை விளக்கு எரியுதா? அதுக்குக் கீழ ஒரு பிளக் இருக்கு பாருங்க. சோதனை பண்றப்ப மாட்டறது. அது இருந்தா எந்த வண்டி போனாலும் எல்லாம் சரின்னுதான் அனுப்பும். மாட்டினா வேலை முடிஞ்சதும் கழட்டிடணும்.

மூணு வாரமா இருக்கு சார். நான்தான் மாட்டினேன்.

வெளிய தண்டவாளத்து ஓரமா தேடாதீங்க, சென்சார் இருக்காது. நாலு மாசமா புதுசு கேட்டு எழுதினேன், வரல. இங்கேருந்து கழட்டி மொதல் பொட்டிக்கு ஒட்டிட்டேன். அதுக்கப்புறம் அது ஒரு பொய் சொல்லல சார். மூணு வாரத்துல கத்தினது அந்த ஒரு தடவைதான். அக்காகிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னா அப்பவே மேல எழுதிடுவா, எனக்கு வேலை போயிடும்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன்.

அவளுக்கா? தெரியும் சார். அன்னிக்கு சாயந்திரம் என் மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. மறுநாள் காலையில தலை சீவிட்டுப் போயி, ரெண்டாவது பொட்டி சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே வண்டியை விட்டுட்டேன், தப்பு என்னுதுதான்னு ஒங்ககிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டா.