வெந்நீர் வைத்த நாத்திகர்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் முகாஷ் முல்லா அவர்களே! நரின் பள்ளத்தாக்கின் நரைத்த தாடிப் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பில் சுமந்து பின்வரிசையில் நிற்கும் தாய்மார்களே! என் கணவர் கெங்கெஷின் ஆண்டு நினைவு விருந்துக்குப் பனியையும் பாராமல் வந்த பாசத்துக்குரியோரே! சைராகுலின் சலாம்!

என் கணவர் கால்நடை மருத்துவர். உங்கள் ஆடுமாடுகளுக்கெல்லாம் அவரைத் தெரியும். கடவுள் இல்லை என்று கடைவீதியில் நின்று சொன்னவர். நானோ ஐந்து வேளையும் தொழுபவள். எப்படிக் குடித்தனம் நடந்தது என்கிறீர்களா? சண்டையில் நடந்தது, அம்மா, சண்டையில்! சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டுக் கதை எனக்குத் தெரியாதா?

"படைச்சவனுக்குப் பயப்படாதவரு எப்படிங்க நல்லவரா இருக்க முடியும்?" என்பேன்.

"பனியில ஆடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குதே, அதுங்களுக்கு யாருடி வேதம் ஓதுனா?" என்பார்.

"ஒட்டி நிக்கணும்னு அதுங்க நெஞ்சுல வச்சது யாரு?"

"குளிருடி, குளிரு!"

அந்தக் குளிரை அறிந்தவர் என்ன செய்தார்? விடியுமுன் எழுந்தார், அடுப்பு மூட்டினார், தொழுகைக்கு நான் கைகால் கழுவ வெந்நீர் வைத்தார். காய்ச்சலில் கிடந்தபோதும் வைத்தார். என்னோடு பேசாமல் முறைத்துக்கொண்டிருந்த நாட்களிலும் வைத்தார். நம்பாத கடவுளுக்கா வைத்தார்? நம்பிய என் கைகளுக்கு வைத்தார்!

அவரை அடக்கம் செய்த நாளில், நம் வழக்கப்படி முல்லா கூட்டத்தைக் கேட்டார்: "இவரு எப்படிப்பட்ட மனுஷன்?" நல்ல மனுஷன் என்று ஊர் சாட்சி சொல்லித்தானே மண்ணுக்கு அனுப்புவோம்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடவுளை மறுத்தவருக்குச் சாட்சி சொன்னால் பாவமோ என்ற பயம். பெண்களோடு துக்கக் கூடாரத்துக்குள் அழுதுகொண்டிருந்த எனக்கு உயிரே போனது. என் மனிதர் சாட்சியில்லாமல் போவதா? வாசலில் தொங்கிய கம்பளத்தை விலக்கிக் கத்தினேன்:

"தண்ணி ஒருநாளும் சில்லுன்னு இருந்ததில்லைங்க!"

"எந்தத் தண்ணி, தங்கச்சி?" என்றார் முல்லா. அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் ஒருநாள்கூட என் பொண்டாட்டிக்கு வச்சதில்லையேம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலை குனியாதீர்கள் முல்லா அண்ணா. இப்போது வைக்கிறீர்களாமே, அண்ணி சொன்னார்கள்! பிறகு முல்லா அதே கேள்வியை மறுபடி கேட்டார். "நல்ல மனுஷன்!" என்று ஊரே சொன்னது.

கடவுள் உண்டு என்றுதான் இன்றும் சொல்கிறேன். எங்கள் வழக்கு தீரவில்லை. தொழுது முடித்துக் கையேந்தும்போது அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். "என்னைக் கேக்காம ஏண்டி என் பேரைச் சொல்ற?" என்று திட்டுவார். திட்டட்டும். வந்து திட்டட்டும்!

நன்றி, என் மக்களே. எல்லோரும் சாப்பிட வாருங்கள். கை கழுவ வெந்நீர் வைத்திருக்கிறேன்.