இரண்டு ஹாலுக்கும் ஒரே சுவர்

இளைத்துவிட்டாள், காபியில் சர்க்கரை கொஞ்சம் கூடவே போடலாம் என்றுதான் கதவைத் திறந்ததும் நினைத்தேன். அழுதால் சில பெண்களுக்கு முகம் வீங்கும். ஓவியாவுக்குச் சுருங்குகிறது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். டிவியில் ஏதோ விளம்பரம். சத்தத்தைக் குறைத்தேன்.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அன்னிக்கு சாவிய உங்க கைல குடுத்துட்டுத்தான் போனேன்னு கேஷவ் அண்ணாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. வேற எதுவும் வேணாம். ஆன்ட்டிய ஒரு தடவ பாக்க விட்டாங்கன்னா போதும்.”

“இரு, காபி போடறேன்” என்று அடுக்களைக்கு வந்துவிட்டேன்.

பால் காய நேரமாகும். அதற்குள் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அவளிடம் சொல்லக் கூடாதது என்று இதில் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டிய அவசியம்தான் இல்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககம் நிற்கிற இடம் ஓவியாவின் அப்பா சம்பத்துடையது. நிலத்துக்குப் பதிலாகப் பில்டர் மேல்மாடி முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டார். முதல் மாடியில் நானும் சுந்தரவல்லியும் பக்கத்துப் பக்கத்து வீடு. வாயால் அவளை ‘மாமி’ என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் எப்போதும் சுந்தரவல்லி. இரண்டு ஹாலுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் சோபா, இந்தப் பக்கம் என் சோபா. முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்த மாதிரி.

அப்போது இருவர் வீட்டிலும் ஆண்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் செய்தி தவிர வேறெதுவும் பார்க்க மாட்டார். அவர் போன பிறகுதான் ரிமோட் என் கைக்கு வந்தது. சுந்தரவல்லியின் கணவர் ஸ்ரீநிவாசராகவனோ, சீரியல் என்றாலே முகத்தைச் சுளிப்பார். அவர்கள் மொட்டை மாடியில் காற்று வாங்கப் போகிற அந்த அரை மணிதான் எங்களுடையது. ஒரு வீட்டில் கூடிப் பார்த்தால் பேச்சில் சீரியல் போய்விடும். அதனால் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தோம். ஒருநாள் கதாநாயகி மாதங்கி மாமியாரிடம் சரியான பதில் ஒன்று சொன்னபோது, என் தலைக்குப் பின்னால் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. பார்த்தாயா என்று அர்த்தம். நானும் விரல் முட்டியால் இரண்டு தட்டினேன். அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று தட்டினால் விளம்பரம் முடிந்தது, ஓடி வா. உள்ளங்கையால் ஒரே அறை அறைந்தால், இந்த டைரக்டரைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும்.

மாதங்கி பட்டுப்புடவையோடு தூங்கி எழுவதையும், தாலியை அவள் அலமாரியில் வைத்துப் பூட்டுவதையும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். “பாத்தேளா டீச்சர், கையில கரண்டிகூடப் பிடிக்கத் தெரியல, இவ நாப்பது பேருக்குச் சமைக்கறாளாம்” என்பாள் சுந்தரவல்லி. ஆனாலும் மாதங்கி அழுதால் சுவரின் இரண்டு பக்கமும் அமைதியாகிவிடும். அந்த அமைதியும் ஒரு தட்டு மாதிரிதான். வாழ்நாளில் வேறு யாரும் என்னோடு அப்படி உட்கார்ந்ததில்லை. கணவர்கள் போன பிறகும் நாங்கள் அதை மாற்றவில்லை.

ஓவியாவை எனக்கு முன்பே தெரியும். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். பொத்தேரியில் எம்.பி.ஏ. சேர்ந்த பிறகு காலையில் கல்லூரி பஸ்ஸுக்கு இறங்கும்போது சுந்தரவல்லி வீட்டில் நுழைந்துவிட்டுப் போவாள். பால் பாக்கெட் எடுத்துக் கொடுக்க, மாத்திரை வாங்கித் தர என்று நினைத்தேன். நல்ல பெண் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம், மாதங்கி கணவனுக்குக் கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. அப்போது சுவரில் இரண்டு தட்டு கேட்டது. எதற்கு என்று புரியாமல் நானும் கையைத் தூக்கினேன். மாதங்கி டீயைக் கொடுத்தாள், கோப்பை அவன் கைக்குப் போனது, பளாரென்று அறைந்தாள்.

மாதக்கணக்கில் நாங்கள் காத்திருந்த அறை அது.

என் கை தூக்கியபடியே நின்றது. தட்டு முன்னால் வந்திருக்கிறது, அறை பின்னால் வந்திருக்கிறது. சாயங்காலம் டிவியில் வருவது போனில் காலையிலேயே வந்துவிடுகிறது என்று என் தங்கை மகள் எப்போதோ சொல்லியிருந்தாள். மறுநாள் காலை குப்பையைக் கொட்டுகிற சாக்கில் படிக்கட்டில் நின்றேன். சுந்தரவல்லி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாதங்கியின் குரல், அதற்கு மேலே இரண்டு பேர் சிரிப்பு. “ஐயோ ஆன்ட்டி, டீச்சர்கிட்ட சொல்லிராதீங்க” என்றாள் ஓவியா. “டீச்சர் பாவம், சாயந்தரம் வரைக்கும் காத்துண்டு இருப்பா. நான் புதுசாப் பாக்கற மாதிரியே தட்டிடுவேன்” என்றாள் சுந்தரவல்லி.

பாவம் என்றாள். அந்தச் சொல்லில் எனக்கு வருத்தமில்லை. என் மேல் இருந்த அக்கறையில்தான் சொல்லியிருப்பாள். ஆனால் எத்தனை நாளாக என்று கணக்குப் போட முடியவில்லை, அதுதான் சங்கடம். நான் அழுது முடித்துத் தட்டியதற்கெல்லாம் அவள் முன்பே அழுது முடித்துவிட்டுப் பதில் தட்டியிருக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தட்டுவதையும் நிறுத்திவிடுவாளோ என்று இருந்தது.

அடுத்த வாரமே, சுந்தரவல்லி தன் வீட்டு மாற்றுச் சாவியைக் கேட்டு வந்தாள். அந்தச் சாவி பல வருடமாக என் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. “ஓவியாகிட்டக் குடுத்து வெக்கறேனே டீச்சர். சின்னப் பொண்ணு, மாடிலேர்ந்து ஒரே ஓட்டத்துல வந்துடுவா. உங்களுக்கு வேற முட்டிவலி.” எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆணியில் வேறெதையும் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த நாள். நாலு மணி இருக்கும், ஓவியா தோளில் பையோடு வந்தாள். “டீச்சர், ஆன்ட்டிக்குக் காலைலேர்ந்து தல சுத்துதாம். டாக்டர்கிட்ட வாங்கன்னா நாளைக்குன்றாங்க. எனக்கு நாளைக்கு காலேஜ்ல ப்ராஜெக்ட் ரிவ்யூ கீது, பொத்தேரில ஃபிரண்டு ரூம்ல தங்கறேன். அப்பா அம்மா வேற கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. சாவி உங்ககிட்ட இருக்கட்டும், நைட்டு ஒருவாட்டி எட்டிப் பாத்துருங்க.”

வாங்கி ஆணியில் மாட்டினேன். உண்மையைச் சொன்னால், அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டேன்.

சீரியல் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தட்டு கேட்டது. தலைக்குப் பின்னால் அல்ல, என் குதிகாலுக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி. இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று, நடுவில் நகத்தால் சுரண்டுகிற மாதிரி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். எந்தப் பெஞ்சுக்கு அடியிலிருந்து சத்தம் வருகிறது என்று கரும்பலகையைப் பார்த்தபடியே சொல்வேன். சுந்தரவல்லி விழுந்திருக்கிறாள், எழுந்திருக்க முடியவில்லை, வாயும் எழவில்லை. சாவி எழுந்து எட்டினால் கைக்கு வரும் தூரத்தில் தொங்கியது.

ஆனால் இதையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். இதுவரை என்னைக் கூப்பிட்டதெல்லாம் பொய்யாகக் கூப்பிட்டாள். இப்போது ஓவியா இல்லை, அதனால் நான். ஓவியா இருந்திருந்தால் இந்தச் சுவருக்கு வேலையே இருந்திருக்காது. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். சாயந்தரம் வரைக்கும் நான் காத்திருக்கவில்லையா? ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

சீரியல் முடிந்தது. அடுத்ததையும் பார்த்தேன், அது எனக்குப் பிடிக்காத சீரியல். டிவியை அணைத்தபோது தட்டு நின்றிருக்கவில்லை. இடைவெளிதான் கூடியிருந்தது. தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்தேன். ஜெபம் பண்ணினேன், அதில் அவள் பெயரையும் சொன்னேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

காலையில் வாட்ச்மேன் முனிரத்தினம் வந்து கதவைத் தட்டினார். “டீச்சர், அந்தம்மா பெல் அடிச்சா தொறக்க மாட்டேன்றாங்க. பால் பாக்கெட்டு வாசல்லயே கீது. உங்ககிட்ட சாவி இருக்குமே?”

“முன்ன இருந்தது. இப்ப ஓவியாகிட்ட” என்றேன்.

ஓவியாவுக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவள் குரல் படிக்கட்டெல்லாம் கேட்டது. “டீச்சர்கிட்ட குடுத்துட்டுத்தானே வந்தேன்?” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “இல்லையேம்மா. குடுக்கணும்னு நெனச்சிருப்ப. பையில பாரு” என்றேன். கதவை உடைத்தார்கள். நான் உள்ளே வந்துவிட்டேன். நான்கு அடி விழுந்தது. என் அடுக்களையில் அந்தச் சாவி லேசாக ஆடியதைப் பார்த்தேன். பிறகு அதை எடுத்து வெந்தய டப்பாவுக்குள் போட்டேன்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அதைத்தான் எப்போதும் சொல்வார்கள்.

அவள் மகன் கேஷவ் புனேயிலிருந்து வந்தான். சாவியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றப் போனவள் இனி இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது என்று ஓவியாவைப் படிக்கட்டில் நிறுத்தியே சொன்னான். சம்பத் என்னிடம் வந்தார். “இன்னா டீச்சர், எம் பொண்ணு பொய் சொல்றான்றீங்களா?”

“பொய்னு நான் சொல்லலையே சம்பத். சின்னப் பசங்க, மறந்துடுவாங்க.”

தலையைக் குனிந்துகொண்டு மாடி ஏறினார். எங்கள் அடுக்ககத்தில் டீச்சர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இப்போது ஹாலிலேயே கட்டில் போட்டுச் சுந்தரவல்லியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். பகலுக்கு ஒரு நர்ஸ். சாயங்காலம் நான். கஞ்சி ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன், சீரியல் போடுகிறேன். அவள் இடது கை கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கேஷவ் நின்று பார்த்தான். “டீச்சர், அம்மா எதையோ சொல்ல ட்ரை பண்றா. உங்க ரெண்டு பேருக்கும் ஒரு பாஷை உண்டே, என்னன்னு பாருங்களேன்.”

கேட்டேன். ஒன்று, வெகுநேரம் கழித்து இன்னொன்று, நடுவில் நகத்தால் ஒரு சுரண்டல். அவள் டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“சீரியல் பாக்கற சந்தோஷம்ப்பா” என்றேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

பால் பொங்கிவிட்டது.

காபியை ஆற்றி எடுத்துப் போனேன். ஓவியா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலும் எதை வாங்கினாலும் அப்படித்தான் வாங்குவாள்.

“நான்தான் மறந்துட்டனோன்னுகூட யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். எத்தினியோ தடவ பையக் கவுத்துப் பாத்துட்டேன். ஆனா நீங்க சாவிய ஆணில மாட்டினது என் கண்ணுலயே நிக்குது. தலைல எண்ணெ வெச்சிருந்தீங்களே?”

“அது வேற என்னிக்கோ இருக்கும்மா.”

“ஒரு வார்த்த டீச்சர்.”

“ஞாபகம் இல்லாதத நான் எப்படிம்மா சொல்றது?”

அவள் டம்ளரைப் பாதிக் காபியோடு வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது மூடியிருந்த பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

“சரி டீச்சர். ஓவியா கேட்டான்னாச்சும் ஆன்ட்டிகிட்ட சொல்லுவீங்களா?”

அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சீரியலுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது.

“வேண்டாம்மா” என்றேன். “மனசு கலங்கிடுவாங்க. அவங்களுக்குத்தான் நான் இருக்கேனே.”