மூன்றடி வழி விட்டவர்

முப்பத்து நான்கு ஆண்டுகள் சாலைப் பணியில் இருந்து, கார்களுக்கு முன்பாகக் கால்களை நினைத்த செயற்பொறியாளர் திருமதி அன்புச்செல்வி அவர்களுக்கு, உடன் நடந்து செருப்புத் தேய்ந்த சாலைப் பிரிவு ஊழியர்கள் அன்போடு படைக்கும் மடல்.

அம்மையீர்! புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறோம். அதையும் உங்களிடம் அல்ல, அவையோரிடம்.

மயிலாப்பூர்க் குளத்துக்குத் தெற்கே ஒரு கடைத்தெருவில் ஆறடி நடைபாதை அமைய அன்புச்செல்வி நான்கு ஆண்டுகள் போராடினார். கார் நிறுத்த இடம் போய்விடும் என்று கடைக்காரர்கள் மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து பாத்திரக்கடை ஸ்ரீனிவாசராகவனுடையது. ஆனாலும் நடைபாதை வந்தது. பைக்குகள் ஏறாமலிருக்க இரு முனைகளிலும் இரண்டடிக்கு ஒன்றாகத் தடுப்புக் கற்களை நட்டோம். அளவைக் குறித்தவர் அம்மையார். சரிபார்த்தவர்கள் நாங்கள்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஜைதூன் பீ தம் சக்கர நாற்காலியில் வந்தார். கற்களுக்கிடையே சக்கரம் நுழையவில்லை.

"இன்னா மேடம், பைக்கு வரக்கூடாதுன்னு கல்லு நட்டுகினீங்க. நான் இன்னா பைக்கா?"

அம்மையார் டேப்பை எடுத்து நாற்காலியை அளந்தார். இருபத்தேழு அங்குலம். இத்தனை ஆண்டுப் பணியில் ஒரு சக்கர நாற்காலியை அளப்பது அதுவே முதல் முறை என்பது அவருக்கு உறைத்தது.

விழா முடியட்டும், பிறகு சத்தமில்லாமல் கல்லை நகர்த்தலாம் என்றோம். பிழையை ஒப்புக்கொண்டால் நடைபாதையே போய்விடும் என்று பயந்தோம். அவர் கோப்பை வாங்கித் தம் கையாலேயே எழுதினார்: இடைவெளி தவறு. அளவு என்னுடையது. நடைபாதை சரி.

விழா தள்ளிப்போனது. மறுநாளே ஸ்ரீனிவாசராகவன் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"தப்புன்னு நீங்களே எழுதிட்டேள். அப்போ மொத்தத்தையும் பெயர்த்துட வேண்டியதுதானே?"

"மூணடியா மாத்துறேன். ஒரு மாசம் பாருங்க சார். அப்புறமும் பைக் ஏறினா நானே கடப்பாரையோட வரேன்."

மூன்றடியில் நாற்காலி போகும். பைக்கும் போகும். அதனால் காலையும் மாலையும் அந்த இடைவெளியில் அம்மையாரே போய் நின்றார். வெட்கப்பட்டு நாங்களும் முறைவைத்து நின்றோம். மூன்றாம் வாரம் பைக்குக்காரர்கள் தூரத்திலேயே அவரைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்கள். நான்காம் வாரம், அவர் இல்லாதபோதும் திருப்பினார்கள். கடப்பாரை தேவைப்படவில்லை. ஸ்ரீனிவாசராகவன் இன்று முன்வரிசையில் இருக்கிறார். நடந்துதான் வந்தார்.

பிறகு சிறிய ஊர்களிலிருந்து பொறியாளர்கள் வந்து அந்தத் தெருவின் வரைபடம் கேட்டார்கள். அம்மையார் முதலில் அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார். வரைபடம் அதற்குப் பிறகுதான். இன்று ஒன்பது ஊர்களில் கடைத்தெருவுக்கு மக்கள் பயமின்றி நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள்.

ஓய்வு பெறும் அதிகாரியை மாலையோடு அலுவலகக் காரில் வீட்டில் விடுவது நம் வழக்கம். கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அம்மையீர். ஆகவே மாலையோடு நடப்போம். கண்ணாடிச் சட்டமிட்ட இந்த மடலை முறைவைத்துத் தூக்கி வருகிறோம். அந்தக் கற்களிடம் வந்ததும் முதலில் ஜைதூன் பீ நுழைவார். பிறகு நீங்கள். பிறகு நாங்கள்.

முழங்கால் வலி அறியாமல் நெடுங்காலம் நடந்து வாழ்க!

உடன் நடக்கும்,
சாலைப் பிரிவு ஊழியர்கள்