இடது பக்கம் வழி இருக்கிறது

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கல்யாண வீடுகளில் இந்தச் சூடுகூட இருக்காது. படம் எடுக்க வந்தவனுக்கு ஆறியதைத்தான் தருவார்கள்.

சங்ககிரியில் இருக்கும் ஸ்டுடியோ என்னுடையது. பலகையில் இளஞ்செழியன் என்று என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே வருகிறவர்கள், "ஜெர்ரி வருவாருங்களா?" என்றுதான் கேட்பார்கள். என்னிடம் வேலை பார்த்த சூரமங்கலத்துக்காரன் அவன். கண்ணை மறைக்கிற பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே ட்ரோன் ஓட்டுவான். அவ்வளவுதான் வித்தை. அதற்கே கல்யாண வீட்டார் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

அந்தக் கண்ணாடிக்குள் ட்ரோனின் கேமரா காட்டுவது மட்டுமே தெரியும். காலடியில் பாம்பு வந்தாலும் தெரியாது. அதனால் வெறுங்கண்ணோடு ஒருவன் நின்று வழி சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் அது விதி. முதலாளியான நான் அந்த எடுபிடி வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் சொந்தக் கடை போடுவதாக இருந்தான். "நீங்கதாண்ணா வந்து தொறந்து வெக்கோணும்" என்றான். என்ன பெருந்தன்மை பாருங்கள்.

அன்று போனது ஓமலூர்ப் பக்கம் ஒரு கோயில்காட்டுக்கு. மணப்பெண்ணின் குலதெய்வம் இருக்கும் இடம். காட்டை மட்டும் எடுத்தால் போதும் என்பதால் வீட்டார் யாரும் வரவில்லை. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். கிறிஸ்தவன்தானே, முகம் சுளிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் காட்டின் விளிம்பில், காரை ஒட்டி நின்றுகொண்டேன். உள்ளே போகாதவன் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை.

அவன் பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தபோது பூசாரி கந்தப்பன் என்னிடம் வந்தார்.

"அந்த மருத மரத்துப் பக்கம் மட்டும் உட்ராதீங்க சாமி. மலைத்தேனீ கூடு கட்டியிருக்குதுங்க. கலைஞ்சா ஆளைக் கொன்னுபோடும்."

"சொல்லிர்றனுங்க" என்றேன்.

அவர் கோயிலுக்குள் விளக்குப் போடப் போனார். நான் சொல்லவில்லை. ஊரே மெச்சுகிற கண்ணுக்கு ஒரு கூடு தெரியாதா என்ன?

ட்ரோன் கிளம்பியது. மருத மரத்தடியில் நிழல் அடர்த்தி.

"ண்ணா, ஒரே இருட்டா இருக்குது. எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் வழி இருக்குது, போ."

போனான். என் பேச்சை ஒருநாளும் அவன் சந்தேகப்பட்டதில்லை.

இடது பக்கம் தொங்கிய கூடு கலைந்ததும் நான் காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றி, பூட்டிக்கொண்டேன். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான். பூசாரி கோயில் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெர்ரி முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடிவந்தான். வெற்றுடம்பு முழுக்கத் தேனீ. கண் இமைகளை அவனால் பிரிக்க முடியவில்லை. காரின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தான்.

"ண்ணா, கதவு எந்தப் பக்கம்?"

அவன் சட்டை என் மடியில் இருந்தது. பூட்டைத் திறக்க ஒரு விரல் போதும். மரங்களுக்கு நடுவே சந்து கண்டுபிடிக்கிறவன் ஒரு கைப்பிடியைக் கண்டுபிடிக்க மாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தான். இழுத்துப் பார்த்தான். திரும்பவும் இழுத்தான். பிறகு கை நழுவிவிட்டது.

ட்ரோனில் பதிவானதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மரத்துக்கு மரம் வளைந்து போகிறது, ஓர் இலைகூட உரசவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. நான் வழி சொல்வதற்காக அவன் காத்திருந்த இடம் அது.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். பொறாமையால் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். பொறாமைப்பட அவனிடம் என்ன இருந்தது?